பேரம் பேசாத நோயாளி

பலாப்பழக் காலம் வந்தால் பண்ருட்டியில் டாக்டர் இதயத்துல்லாவின் கிளினிக்கில் பேரம் நடக்கும். அங்கே வரும் சர்க்கரை நோயாளிகள் மாத்திரைக்காகச் சண்டை போடமாட்டார்கள். சுளைக்காகப் போடுவார்கள்.

"நாலு சுளை, டாக்டரே."

"ஒண்ணு."

"சின்னதா மூணு?"

"ரெண்டு. அன்னிக்கு சோத்தைப் பாதியாக்கணும்."

மலர்க்கொடி அவரிடம் பயிற்சிக்கு வந்து நான்கு மாதமாகிறது. குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடைய மருத்துவப் பட்டம்தான். மனச்சோர்வின் ஒன்பது அறிகுறிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இதயத்துல்லா எதையும் சொல்வதில்லை. முதுகுவலி என்று வந்தவரைக் கொஞ்சநேரம் பார்ப்பார். "வீட்டுல என்ன?" என்பார். வந்தவர் அழத் தொடங்குவார். அந்தக் கண் தனக்கு வாய்க்காதா என்று அவள் தினமும் ஏங்கினாள்.

ஒருநாள் காலை, தான் தனியாகப் பார்த்தனுப்பிய நோயாளியின் சீட்டை அவரிடம் நீட்டினாள். பலா மண்டியில் வேலை செய்யும் தணிகாசலத்தின் சீட்டு அது.

"எடை ஆறு கிலோ குறைஞ்சிருக்கு, சார். சர்க்கரை இவ்வளவு கீழ வந்ததே இல்லை."

இதயத்துல்லா சிரித்தார். "அந்த வாயாடியா? எத்தனை சுளை கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கலை, சார். சொன்னதுக்கெல்லாம் 'சரிங்க'ன்னாரு. நல்ல நோயாளி."

அவர் சிரிப்பு நின்றது.

"போயிட்டாரா?"

மலர்க்கொடி தெருவரை ஓடிப் பார்த்தாள். ஆளைக் காணோம். அவருக்குப் போன் போட்டாள்; எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. இதயத்துல்லா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"வெளியே இருபது பேர் இருக்காங்க, சார். திட்டுவாங்க."

"திட்டுறவங்க மத்தியானம் வரைக்கும் தாங்குவாங்க. ஏறு."

தணிகாசலம் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்த்தும் எழவில்லை. அவர் மனைவி அஞ்சலை உள்ளிருந்து வந்தாள்.

"ஒரு மாசமா சோறு இறங்கலீங்க. விடியறதுக்கு முன்னாடியே முழிச்சுக்கிட்டு மோட்டுவளையப் பாக்குறாரு. மண்டிக்கும் போறதில்ல. ஏதோ பத்தியம் இருக்காருன்னு நெனச்சேன்."

இதயத்துல்லா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"தணிகாசலம், செத்துடலாம்னு தோணுதா?"

மலர்க்கொடிக்குப் பதறியது. இப்படியா கேட்பார்கள்?

தணிகாசலம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"தோணுதுங்க. யாரும் கேக்கலீங்க."

"நான் கேக்குறேன். இதுவும் ஒரு நோய்தான். மருந்து இருக்கு. இன்னிக்கே ஆரம்பிக்கிறோம்."

தனக்குத் தெரிந்த மனநல மருத்துவருக்கு அங்கிருந்தே போன் செய்தார். ஆட்டோ பிடித்து இருவரையும் ஏற்றினார். "அவரை ஒரு நிமிஷமும் தனியா விடாதம்மா" என்றார் அஞ்சலையிடம். ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை நின்றார்.

திரும்பும் வழியில் மலர்க்கொடி கேட்டாள்.

"என் எதிர்லதான் உட்கார்ந்திருந்தாரு, சார். எனக்கு ஒன்பது அறிகுறியும் தெரியும். ஆனா அவரைத் தெரியலை. உங்களை மாதிரி பார்க்க எனக்கு எத்தனை வருஷம் ஆகும்?"

இதயத்துல்லா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"தையல்நாயகின்னு ஒரு அம்மா. தலைவலி, தலைவலின்னு வாரத்துக்கு ரெண்டு தரம் வந்து என் உயிரை வாங்குவாங்க. ஒரு நாள் வந்து, 'இப்ப வலியே இல்லீங்க'ன்னாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். மாத்திரையை நிறுத்தி அனுப்பிட்டேன்."

"அப்புறம்?"

"மூணாம் நாள் சாவுச் சேதி வந்துச்சு. தானே தேடிக்கிட்ட சாவு."

மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை வருஷம்னு எனக்குச் சொல்லத் தெரியலைம்மா. கதவு திறக்கிறப்பல்லாம் அந்தம்மாதான் திரும்பி வர்றாங்களோன்னு நிமிர்ந்து பாக்குறேன்."