வலையிலிருந்து எடுத்த பந்து

“அக்கா, எனக்கு இன்னும் ஒரு கோல் வேணும்,” என்றாள் ஜெனோவா.

பயிற்சியாளர் பிலோமின் கிழிந்த கோல் வலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய மீன்வலைதான். கடற்கரை மைதானத்துக்கு அது போதும்.

“கோல் என்கிட்ட இல்ல. பந்து வேணும்னா இருக்கு.”

கேட்டவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாட்டில் எந்தப் பெண்ணும் அவள் அளவுக்குக் கோல் அடித்ததில்லை. பேருந்து நிலையத்தில் அவள் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது.

ஆனால் இந்த வருஷம் எந்தப் போட்டியிலும் ஒரு கோல்கூட விழவில்லை. முட்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கடைசி ஆட்டம், ஆடத் தொடங்கிய இதே ஊர் அணிக்காக. வெறுங்கையோடு வெளியேறப் பயமாக இருந்தது.

சின்னப் பெண்கள் தனக்குச் சரியாகப் பந்து தருவதில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டாள்.

பிலோமின் கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு, சாயங்காலம் பயிற்சிக்கு வரச் சொன்னாள்.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோல் அடித்தவளே வலைக்குள் போய்ப் பந்தை எடுக்க வேண்டும். எடுத்து, தனக்குப் பாஸ் கொடுத்தவளின் கையில் தர வேண்டும்.

பிலோமின் முன்பு கோல்கீப்பர். குனிந்து குனிந்து பந்து பொறுக்கியே முதுகு போனவள். அடித்தவளே எடுக்கட்டுமே என்ற சலிப்பில் வைத்த சட்டம் அது. வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெரிய மைதானங்களுக்குப் போன பிறகு ஜெனோவாவுக்கு அந்த வழக்கம் விட்டுப்போயிற்று.

சாயங்காலம் ஆடினார்கள். ஜெனோவா ஒரு கோல் அடித்தாள். கைகளை விரித்துக்கொண்டு மூலைக் கொடிவரை ஓடினாள். திரும்பி வந்தாள்.

யாரும் ஆடவில்லை. எல்லாரும் நின்றார்கள். பிலோமின் வாயில் விசில் இருந்தது, ஊதவில்லை. கோல்கீப்பர் பெண் கம்பத்தில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

பந்து வலைக்குள்ளேயே கிடந்தது.

ஜெனோவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே போய் எடுத்தாள். எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

யாரிடம் கொடுப்பது?

“எனக்குப் பாஸ் குடுத்தது யாரு அக்கா?”

“எனக்கும் தெரியல. நானும் உன்னையேதான் பாத்துட்டிருந்தேன்.”

பின்னாலிருந்து ஒரு பெண் தயங்கிக் கையைத் தூக்கினாள். பெயர் அபிஷா. ஒரு வாரமாகச் சேர்ந்து ஆடியும் ஜெனோவா இப்போதுதான் பெயரைக் கேட்டாள்.

பந்தை அவள் கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை.

அந்த நாட்களில் இடப்பக்கம் மூச்சிரைக்க ஓடிவந்து பந்து தந்த மெர்லின் நினைவுக்கு வந்தாள். முட்டியில் துணி கட்டிக்கொண்டு ஆடிய சகாயம் வந்தாள். பேருந்து நிலையத்தில் படம் இல்லாத ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எவ்வளவு தந்திருக்கிறார்கள் என்று எண்ணி மாளவில்லை.

பிலோமின் விசில் ஊதினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டு வந்தது. இரண்டாம் பாதியில், கோலுக்கு எதிரே ஜெனோவாவுக்குப் பந்து கிடைத்தது. எதிரணிக் கோல்கீப்பர் முன்னே பாய்ந்து வந்தாள். ஊர் முழுக்க அடி அடி என்று கத்தியது. இதைவிட இக்கட்டான இடத்திலிருந்தெல்லாம் அவள் அடித்திருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தாள். வலப்பக்கம் அபிஷா ஓடிவந்துகொண்டிருந்தாள்.

பந்தை அவளுக்குத் தட்டிவிட்டாள். அபிஷா அடித்தாள். கோல்.

அபிஷா மூலைக் கொடிக்கு ஓடவில்லை. வலைக்குள் புகுந்தாள். பந்தை எடுத்துக்கொண்டு நேராக ஜெனோவாவிடம் வந்தாள்.

சிறுமியாக இந்த மண்ணில் ஆடிய நாட்களில் ஜெனோவா எத்தனையோ பேருக்குப் பந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. அடிப்பவள் எப்போதும் அவளாகவே இருந்தாள்.

இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து, அதே பந்தை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தாள். எல்லைக்கோட்டில் பிலோமின் நின்றிருந்தாள்.

“கேட்ட கோல் கிடைச்சுதா?”

“இல்லக்கா,” என்றாள் ஜெனோவா. “பந்து கிடைச்சுது.”