எந்தக் காட்டுக்கு?

மயிலாத்தாளின் கணவர் நாச்சிமுத்து தை மாதம் இறந்தார். பங்குனியில் அவள் வீட்டைப் பூட்டிவிட்டு, ஊர் எல்லையில் இருந்த சாமியாரின் மடத்துக்கு வந்து சேர்ந்தாள். சாமிக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. தன் சோற்றில் பாதியை அவள் இலையில் வைத்தார்.

ஆடி பிறந்தது. நல்ல மழை. மடத்தைத் தாண்டிப் போன பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள்.

“காட்டுக்குப் போறோம், வர்றியா மயிலா?”

வாசல் கூட்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் போனதும் சாமியிடம் வந்தாள்.

“ஏனுங்க சாமி, நீங்க தவம் பண்ணுனதும் காடு. நாங்க வெதைக்கறதும் காடு. பொணம் எரியறதும் காடு. வேற சொல்லே இல்லீங்களா?”

“இதுல உனக்கு எந்தக் காடு வலிக்குது, அம்மணி?”

“காட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்லித்தான் முப்பது வருசமும் போனாருங்க. கடைசியாக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்ப, பொம்பளைக வரக்கூடாதுன்னு என்னைத் தெருமுனையிலயே நிறுத்திப்போட்டாங்க. யாரு அந்தச் சொல்லைச் சொன்னாலும் நான் இன்னும் அந்த முனையிலதான் நிக்கறேன்.”

சாமி உள்ளே போய், சோள விதையைத் துண்டில் முடிந்துகொண்டு படியிறங்கினார்.

“எங்கீங்க சாமி?”

“உன்ற காட்டுக்கு. பக்கத்துக் காட்டுக்காரர் இரக்கப்பட்டு உழுது விட்டுட்டாராம். வெதைக்கத்தான் ஆளில்லையாம்.”

பத்தடி தள்ளியே பின்னால் போனவள் வரப்பில் நின்றுவிட்டாள். சாமி உள்ளே இறங்கி விதையை இறைத்தார். ஓரிடத்தில் குவியல். ஓரிடத்தில் வெறும் மண்.

“சாமி, இது வெதைக்கறதா? கோழிக்கு எறியறாப்பல இருக்குது!”

“எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான், அம்மணி.”

இன்னும் நாலு கைப்பிடி பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, துண்டைப் பிடுங்கினாள். விதை விசிறிபோல விரிந்து விழுந்தது. நாச்சிமுத்து வீசுகிற வாகு அது. பாதிக் காடு விதைத்ததும் அங்கேயே உட்கார்ந்து, மண்ணைப் பற்றிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சாமி வரப்பில் காத்திருந்தார். எழுந்து மறுபடியும் வீசினாள்.

பொழுது சாய்ந்தது.

“மடத்துக்குப் போலாமா?”

“நீங்க போங்க சாமி. தெக்கு மூலை பாக்கி இருக்குது.” கொஞ்சம் தயங்கினாள். “யாராச்சும் என்னைத் தேடுனா என்னங்க சொல்லுவீங்க?”

“காட்டுக்குப் போயிருக்கா, வந்துருவான்னு சொல்றேன்.”