குறுக்கே நின்ற கேலக்ஸி

"மேடம், நான் ஊருக்கே போயிடறேன்."

மாசிலாமணி கதவருகே நின்றபடியே சொன்னார். உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். மாணவன் எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

மலைமேல் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஜெனோவாதான் அவருக்குக் குரு. வயதில் அவரைவிட நன்றாகவே சின்னவர். நரைத்த மாணவர், நரைக்காத குரு. இருவரும் சேர்ந்து போனால் கேன்டீன்காரர் இன்றைக்கும் முதல் காபியை மாணவருக்குத்தான் வைக்கிறார்.

"உட்காருங்க சார். ஏன் போறீங்க?"

"என் கேலக்ஸி காணாம போயிடுச்சு."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். அவர் முகத்தைப் பார்த்ததும் ஜெனோவாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசிலாமணி ஆராயும் கேலக்ஸி, அந்த நட்சத்திரக் கூட்டம், வெகு தொலைவில், தூசி மூடிக் கிடப்பது. உள்ளே பிறக்கும் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அந்தத் தூசியே விழுங்கிவிடும். லேசான சூடு மட்டும்தான் வெளியே வரும். அதுவும் தானாக நம்வரை வந்து சேரத் தெம்பில்லாதது. நல்லவேளையாக வழியில் கனத்த கேலக்ஸி இன்னொன்று குறுக்கே நிற்கிறது. அதன் எடை, பின்னாலிருந்து வருவதை வளைத்து, பெரிதாக்கி அனுப்புகிறது. பூதக்கண்ணாடி மாதிரி.

"காணாம போறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

"குறுக்க நிக்கிறதைக் கணக்குலேர்ந்து எடுத்தேன். நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க."

"எதை எடுக்கச் சொன்னேன்?"

மாசிலாமணி பேச்சை மாற்றினார்.

"அது மட்டும் இல்ல மேடம். வீட்டுலயும் சரியில்ல."

அவர் மனைவி பொற்கொடி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. காரியம் முடிந்த கையோடு புடவைகளை எல்லாம் யாருக்கோ கொடுத்தார். சுவரில் படம்கூட மாட்டவில்லை. அவள் பேரை எடுக்கக் கூடாது என்று வீட்டில் யாரும் சட்டம் போடவில்லை. அவர் முகமே போதுமானதாக இருந்தது. பிறகு லீவு போட்டுவிட்டு, படிக்கப் போகிறேன் என்று மலையேறிவிட்டார்.

"எதைப் பார்த்தாலும் குறுக்க வந்து நிக்கிறா மேடம். தாங்க முடியல. அதான் சுத்தமா எடுத்துட்டேன்."

"பொண்ணு?"

"மெட்ராஸ்ல வேலை. போன மாசம் போன் பண்ணா. அம்மா ரசத்துக்கு மிளகை வறுத்துப் போடுவாங்களா, பச்சையாத் தட்டிப் போடுவாங்களான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கடையில நல்ல ரசப்பொடி கிடைக்குதே மதின்னு சொன்னேன்."

ஜெனோவா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அதுக்கப்புறம் அவ கூப்பிடறதே இல்ல. நான் கூப்பிட்டா மீட்டிங்ல இருக்கேன்ப்பாங்கறா. எப்பவும் மீட்டிங். இருக்கறது ஒத்தப் பொண்ணு. அவளும் போயிட்டா நான் எதுக்கு மேடம்?"

மாணவன் குருவின் முன் அழலாமா என்று யோசித்தவர்போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜெனோவா கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"உங்க கணக்கைத் திறங்க சார்."

"இப்ப எதுக்கு மேடம் அது?"

"திறங்க."

திறந்தார். திரையில் உப்பை இறைத்த மாதிரி புள்ளிகள். வேறொன்றும் இல்லை.

ஜெனோவா திரையின் ஓரத்தில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். குறுக்கே நின்ற கேலக்ஸியின் எடை. அங்கே பூஜ்யம் என்று இருந்தது.

"கண்ணு கூசுதுன்னு அதோட வெளிச்சத்தைக் கழிக்கச் சொன்னேன். எடையை யார் கழிக்கச் சொன்னா?"

"எடுக்கறதுன்னா முழுசா எடுத்துடணும்னு நெனச்சேன்."

"திரும்பப் போடுங்க."

போட்டார். ஒரு தடவை தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டார். கணினி யோசித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மத்தியான வெயிலை மேகம் மூடியது.

பிறகு திரையில் மெல்லிசாக ஒரு வளைவு வந்தது. வெட்டிப் போட்ட நகம் மாதிரி.

"வந்துடுச்சு" என்றார் மாசிலாமணி.

"அது எங்கயும் போகல" என்றார் ஜெனோவா. எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, காபி குடிக்கப் போய்விட்டார்.

மாசிலாமணி பார்த்துக்கொண்டே இருந்தார். வளைவுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. வெளிச்சத்தைக் கழித்த இடம். ஆனால் வளைவு அந்த இடத்தைச் சுற்றித்தான் வளைந்திருந்தது.

அவர் போனை எடுத்தார்.

"அப்பா, மீட்டிங்ல..."

"வறுக்க மாட்டா" என்றார்.

"என்னது?"

"மிளகை. பச்சையாத்தான் தட்டிப் போடுவா உங்கம்மா. கூடவே சீரகம். அதுவும் கடைசியில, அடுப்பை அணைக்கறதுக்கு முன்னாடி."

மறுமுனையில் மீட்டிங் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மதி அழுவதுதான் கேட்டது.

"அப்புறம்ப்பா?" என்றாள்.