குளத்தை மறித்தது யார்?

பெருங்காட்டின் தென்கோடியில் ஒரு புலி ஆண்டு வந்தது. அதன் குளத்துக்கு ஓநாய் காவல். கோடை வந்தது, ஓநாய்க்குத் திமிரும் வந்தது.

"முள் உள்ளவர்களுக்கு இங்கே தண்ணீர் கிடையாது! உங்கள் முள் விழுந்தால் குளம் பாழாகிவிடும்! போங்கள், போங்கள்!" என்று முள்ளம்பன்றிகளைத் துரத்தியது.

கூரி என்ற முள்ளம்பன்றியின் குட்டிகள் நாக்கு வறண்டு சுருண்டு கிடந்தன. "தண்ணீர் எல்லாருக்கும் பொது என்பது பெருங்காட்டுச் சட்டம். இதைச் சும்மா விடமாட்டேன்!" என்று கூரி பெருங்காட்டு மன்றத்துக்கு ஓடியது. வேடிக்கை பார்க்க ஓநாயும் பின்னாலேயே போனது.

மன்றத்தில் யானைதான் நீதிபதி. "யார் மேல் வழக்கு?"

"புலி அரசின் மேல், ஐயா!"

யானை தும்பிக்கையை ஆட்டியது. "எந்த அரசையும் அதன் சம்மதம் இல்லாமல் இங்கே நிறுத்தமாட்டோம் என்று, இந்த மன்றம் அமைந்த அன்றைக்கே காட்டிலுள்ள எல்லா அரசுகளுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறோம், அம்மா. வழக்கு தள்ளுபடி!"

ஓநாய் விழுந்து விழுந்து சிரித்தது. "நான் அரசாங்க ஆள்! என்னை யாரால் அசைக்க முடியும்?"

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு புறப்பட்ட கூரி, சட்டென்று நின்றது. "ஓநாயண்ணே, குளத்தை மறிக்கச் சொன்னது யார்?"

"ராஜா உத்தரவு!" என்றது ஓநாய் நெஞ்சை நிமிர்த்தி.

கூரி யானையைப் பார்த்தது. "ஐயா, பெருங்காட்டுச் சட்டத்தை மீறி உத்தரவு போட ஒரு ராஜாவால் முடியுமா?"

"முடியாது. போட்டாலும் செல்லாது."

"செல்லாத உத்தரவோடு குளத்தங்கரையில் நிற்பவர் அரசாங்க ஆளா, வெறும் ஓநாயா?"

மன்றமே கொல்லென்று சிரித்தது. யானைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வெறும் ஓநாய்தான்!"

"அப்படியானால் என் வழக்கு அரசின் மேல் இல்லை. இந்த ஓநாயின் மேல்!"

ஓநாயின் வால் கால்களுக்கிடையே போய்விட்டது. "ஐயா, நான் ராஜா சொன்னதைச் செய்தவன்..."

"வாயை மூடு! இனி அந்த வழியை மறித்தால் உனக்குச் சிறைதான்!" என்று பிளிறிய யானை, கூரியிடம் குரலைத் தாழ்த்தியது. "அந்த வாக்கு இருப்பதால், இதுவரை பட்ட தாகத்துக்கு அரசிடம் ஈடு வாங்கித் தர என்னால் ஆகாது, அம்மா."

கூரிக்கு அது வருத்தம்தான். ஆனாலும், "குட்டிகளுக்கு இனித் தண்ணீர் கிடைக்குமே, அது போதும், ஐயா!" என்று துள்ளிக்கொண்டு ஓடியது.

அன்று மாலை குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. குடித்த கையோடு உடம்பைச் சிலிர்த்து, ஓநாயின் முகம் முழுக்கத் தண்ணீர் தெளித்தன. ஓநாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வழியை விட்டு ஒதுங்கியது.

அரசின் பெயரைச் சொல்லி அநியாயம் செய்கிறவன், அதற்குத் தானேதான் பதில் சொல்லியாக வேண்டும்.