வறண்ட மண்டலத்தில் ஒரு கிணறு

ஏப்ரல் 4, காலை பத்தரை மணி. தலையாட்டிப்பட்டி பஞ்சாயத்து அலுவலகத்தில் இருபத்திரண்டு பேர் கூடியிருந்தார்கள். தலைமை வகித்தவர் ஊராட்சித் தலைவர் சடையாண்டி. இருபத்திரண்டு பேருக்கும் சொந்தமாகக் கருத்து இருந்தது. ஊரின் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஊரில் குடிக்கத் தகுந்த தண்ணீர் ஒரே ஒரு கிணற்றில்தான் இருந்தது. அதுவும் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. கண்மாயில் கிடந்ததை மாடுகளே முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின. போர்வெல் போட்டுத்தர அரசு தயாராக இருந்தது. எங்கே போடுவது என்று முடிவு செய்ய இளம்பரிதி என்ற புவியியல் அதிகாரி வந்திருந்தார்.

"நாட்டையே நாங்க இப்படித்தான் பிரிப்போம்," என்றார் அவர். "மழை, மண், விளைச்சல் பார்த்து, ஒத்துப்போற இடங்களை ஒரு மண்டலமா வெச்சுக்குவோம். நீங்களும் ஊரை அப்படிப் பிரிச்சு வைங்க. எது வறண்ட மண்டலமோ அங்க போர்வெல். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஒரு மண்டலம்னா அதுக்குள்ள எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கணும்."

தலையாட்டிப்பட்டி தலையாட்டியது. அதிகாரி நிம்மதியாக ஜீப்பில் ஏறினார். வெளியூர் அதிகாரிகளுக்கு இந்த ஊரை ரொம்பப் பிடிக்கும். குறுக்குக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை.

"முதல்ல நடு எதுன்னு தெரியணும்," என்று ஆரம்பித்தான் மூக்கையா. "நடு தெரிஞ்சாத்தான் மத்ததைப் பிரிக்கலாம். நடு எங்க வீடு."

"எதை வெச்சுச் சொல்றே?"

"எங்க வாசல்ல நின்னு பாரு. நாலு பக்கமும் ஊர் தெரியும்."

பாண்டிச்சாமிக்குச் சந்தேகம். தன் வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். அங்கிருந்தும் நாலு பக்கமும் ஊர் தெரிந்தது. மற்றவர்களும் எழுந்து அவரவர் வாசலுக்குப் போய்ப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கு இருபத்திரண்டு நடு கிடைத்துவிட்டது. ஓரம் என்று எதுவும் மிஞ்சவில்லை. ஓரமே இல்லாத ஊரில் கோடு எங்கே போய் முடியும்? ஆகவே நடுவைப் பற்றி இனி யாரும் பேசக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் கண்மாய்ப் பக்கத்தை ஈர மண்டலம் என்றும், கரட்டுப் பக்கத்தை வறண்ட மண்டலம் என்றும் பிரித்து, நடுவே சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். கோடு ஒச்சம்மாளின் டீக்கடைக்குள் புகுந்து வெளியே வந்தது. அடுப்பு வறண்ட மண்டலம்; பெஞ்சு ஈர மண்டலம்.

"ஏங்க தலைவரே, என் கடைக்குள்ளதான் கோடு போடணுமா?" என்று கேட்டாள் ஒச்சம்மாள்.

"நாங்க எங்க போட்டோம் மதினி? இயற்கை பிரிச்சு வெச்சது. நாங்க சுண்ணாம்புதான் தூவினோம்," என்றார் சடையாண்டி.

அடுத்து, மண்டலத்துக்குள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்வையிடக் கிளம்பினார்கள். வறண்ட மண்டலத்தில் ஒரு வேப்பமரம் கூச்சமே இல்லாமல் பச்சையாக நின்றது. அதன் இலைகளை உருவினார்கள். ஈர மண்டலத்தில் பாண்டிச்சாமியின் வைக்கோல் படப்பு காய்ந்து கிடந்தது. அதைக் கண்மாய்த் தண்ணீர் ஊற்றி நனைத்தார்கள். பாண்டிச்சாமியே முன்னால் நின்று ஊற்றினான்.

கடைசியில் கிணற்றடிக்கு வந்தார்கள். கிணறு வறண்ட மண்டலத்தில் இருந்தது. எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் பளபளத்தது.

"மானத்தை வாங்கிருச்சே," என்றான் மூக்கையா.

"கிணத்தைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, அதை மட்டும் ஈர மண்டலத்தோட சேர்த்துக்கலாமே?" என்றான் பாண்டிச்சாமி.

"சேர்த்துக்கலாம். குடத்தை எந்த வழியாக் கொண்டு வருவே? வட்டத்தைத் தாண்டினா வறண்ட மண்டலம். ஒரு சொட்டு சிந்தினாப் போச்சு," என்றான் மூக்கையா.

சடையாண்டி தொண்டையைக் கனைத்தார். "மூடிடுவோம்."

ஒச்சம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கிணத்தை மூடிட்டு நான் எதுல டீ போடுறது? உங்க மூளையைக் கரைச்சா?"

"தண்ணி வேணும்னுதானே மதினி மூடுறோம். மூடினாத்தான் வறட்சி. வறட்சின்னாத்தான் போர்வெல். போர்வெல் வந்தாத்தான் தண்ணி."

ஒச்சம்மாள் யோசித்தாள். தப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதான்.

பக்கத்திலேயே மண்ணை வெட்டிக் கிணற்றை மூடினார்கள். மூடி முடித்ததும் மண் வெட்டிய இடத்தில் பெரிய குழி. மற்ற இடமெல்லாம் சமதரை, இங்கே மட்டும் குழியா? கொஞ்சம் தள்ளி மண் வெட்டி அதை மூடினார்கள். அங்கே குழி விழுந்தது. அதை மூட இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டினார்கள். இப்படியே குழி ஒரு வாரம் ஊருக்குள் நடந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஈர மண்டலத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே கண்மாயே ஒரு குழிதான் என்பதால் ஆட்சேபம் எழவில்லை. எல்லாரும் கையைத் தட்டிவிட்டுக் கண்மாய்த் தண்ணீரை வடிகட்டிக் குடித்தார்கள். வயிற்றுப்போக்கு மட்டும் இரண்டு மண்டலத்திலும் ஒரே மாதிரி இருந்தது.

ஒச்சம்மாள் கடையை மூடவில்லை. அடுப்பு வறண்ட மண்டலத்தில் இருந்ததால் அங்கே கண்மாய்த் தண்ணீரையும் கொண்டுபோக முடியவில்லை. வருகிறவர்களின் உள்ளங்கையில் ஒரு கரண்டி டீத்தூளும் ஒரு கரண்டி சர்க்கரையும் வைத்தாள். "தண்ணி வந்ததும் ஊத்தித் தர்றேன். அதுவரைக்கும் கையை மடக்கி வெச்சுக்கங்க." பெஞ்சில் கையை மடக்கிக்கொண்டு நாலு பேர் எப்போதும் உட்கார்ந்திருந்தார்கள். நாளாக ஆக எறும்புகள் வந்தன. பிறகு ஒருவரும் வரவில்லை.

மாதக் கடைசியில் அதிகாரி வந்தார். "இங்க ஒரு கிணறு இருந்துச்சே?"

"எந்தக் கிணறு சார்?" என்றார் சடையாண்டி. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

விஷயம் புரிய அதிகாரிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். மறுநாளே போர்வெல் வண்டியை வரவழைத்தார். மத்தியானம் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டது. நம்பிக்கை வந்து, அதிகாரி சாப்பிடப் போனார். அது அவருடைய தவறு.

"அய்யோ, மண்டலம் நனையுது!" என்று கத்தினான் பாண்டிச்சாமி.

ஊரே ஓடி வந்தது. ஒச்சம்மாள் முதல் ஆளாகத் தன் கடைச் சாக்கை எடுத்து வந்து குழாய் வாயில் திணித்தாள். மேலே கல்லை வைத்து, மூக்கையா சிமெண்ட் பூசினான். அதிகாரி திரும்பி வந்தபோது சிமெண்ட் இறுகியிருந்தது. தரை காய்ந்திருந்தது.

"தண்ணி நின்னு போச்சா?"

"அது நிக்கல சார். நாங்கதான் விடலை," என்றார் சடையாண்டி. "வந்த வேகத்துக்கு, நாம கொஞ்சம் அசந்திருந்தா வறண்ட மண்டலமே போயிருக்கும். அப்புறம் எதைக் காட்டி போர்வெல் கேக்குறது?"

அதிகாரி ஜீப்பை நோக்கி நடந்தார். ஜீப்பில் ஏறியபிறகு, லாரியில் தண்ணீர் அனுப்புவதாக மட்டும் சொன்னார். தலையாட்டிப்பட்டி தலையாட்டியது.

மே 17ஆம் தேதி காலை எட்டு மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. அது சுண்ணாம்புக் கோட்டருகே நிறுத்தப்பட்டது. சடையாண்டி முன்னிலையில், லாரியிலிருந்த தண்ணீர் முழுவதும் ஈர மண்டலத்துக் குழியில் திறந்துவிடப்பட்டது. அதன்பின் லாரி வறண்ட மண்டலத்துக்குள் அனுமதிக்கப்பட்டது. வரிசையில் முதல் குடம் ஒச்சம்மாளுடையது.