பூச்சி சொன்ன சாட்சி

முன்னொரு காலத்திலே, தூசி படிந்ததெல்லாம் தெய்வவாக்கு என்று நம்பிய ஒரு ராஜா இருந்தார். ஊறுகாய் வைத்தால்கூட, "எத்தனை வருஷத்துப் பழசு?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டுக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள், "நமது ஆதிநூலின் மிகப் பழைய சுவடி எதுவோ, அதில் கண்டபடியே இனி நாட்டை ஆள்வேன்" என்று அறிவித்துவிட்டார்.

ஆஸ்தான பண்டிதர் பூர்ணலிங்கத்துக்குக் கேட்க வேண்டுமா? மறுநாளே பட்டில் சுற்றி ஒரு சுவடியைக் கொண்டுவந்தார். ஆயிரம் வருஷத்துச் சுவடியாம். அதன் கடைசி ஏட்டில், 'கோயில் குளத்து நீரைக் கீழைத் தெருவார் தொடலாகாது' என்று இருந்ததாம். அன்றைக்கே குளத்துக்கு வேலி, வாசலுக்குப் பூட்டு! குளத்துக் கரையோரம் பண்டிதருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது என்பதை ஏனோ யாரும் யோசிக்கவில்லை.

நாலு நாள் பொறுத்து அரசவை விகடன் தாண்டவன் அந்தப் பக்கம் போனான். அவனுடைய அக்கா பூவாயி கீழைத் தெருவில்தான் இருந்தாள். போய்ப் பார்த்தால், சாக்கடை ஓரம் தோண்டிய ஊற்றில் கலங்கல் தண்ணீரை வடிகட்டிக்கொண்டு இருக்கிறாள். உள்ளே கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு.

"ராஜாவைச் சிரிக்க வெக்கிறதுதான் உன் உத்தியோகமாடா? எம்புள்ள சாகுது, போய் அதச் சொல்லிச் சிரிக்க வையி!" என்று வெடித்தாள். தாண்டவன் அங்கே நிற்கவில்லை. விறுவிறுவென்று அரண்மனைக்கு நடந்தான்.

சபையில் நின்று, "மகாராஜா, அந்த ஏடு பொய்" என்றான்.

பண்டிதர் எகிறிக் குதித்தார். "தெய்வ நூலைப் பழிக்கிறானே பாவி! இது எழுதப்பட்டபோது உடனிருந்த சாட்சி எவனாவது உண்டா? இருந்தால் கொண்டுவரட்டும்!"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "நியாயமான பேச்சு. தாண்டவா, நாளைக்குள் அப்படியொரு சாட்சியைக் கொண்டு வா. இல்லையேல் பூட்டு பூட்டாகவே இருக்கும். நீயும் கீழைத் தெருவிலேயே போய் இரு."

"உத்தரவு மகாராஜா. அதற்கு முன் சுவடியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள அனுமதி வேண்டும்."

கும்பிட வருகிறவனை எப்படித் தடுப்பது? பண்டிதர் பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினார். தாண்டவன் வாங்கி, கண்ணுக்கு அருகே கொண்டுபோனான். ஒற்றிக்கொண்டானோ இல்லையோ, நன்றாகப் பார்த்தான். பார்க்கப் பார்க்க, அவன் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

மறுநாள் ஒரு சின்னக் கலயத்தோடு வந்தான். அதை ஒரு பலகைமேல் வைத்து, "சாட்சி வந்தாயிற்று" என்றான்.

ராஜா எட்டிப் பார்த்தார். உள்ளே ஓலைத்தூளுக்கு நடுவே ஒரு பூச்சி. ஏட்டைத் துளைத்துத் தின்னும் ராமபாணப் பூச்சி.

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டில்லை மகாராஜா. எழுதும்போது உடனிருந்த சாட்சி கேட்டீர்கள். சுவடிப் பெட்டியில் பரம்பரையாகக் குடியிருப்பது இந்த வம்சம்தான். தங்கள் கையாலேயே ஏடுகளைப் பிரித்துப் பாருங்கள். பூச்சி துளைத்த இடத்தில் எழுத்து எப்படி இருக்கிறது?"

ராஜா புரட்டினார். "பாதி எழுத்து போயிருக்கிறது. இங்கே ஒரு சொல்லே இல்லை."

"கடைசி ஏட்டில்?"

ராஜா உற்றுப் பார்த்தார். அதிலும் அதே இடங்களில் ஓட்டைகள். ஆனால் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. ஒவ்வொரு வரியும் ஓட்டை வந்ததும் நின்று, தாண்டி, அந்தப்பக்கம் தொடர்ந்தது.

"சுவடிக்குக் காப்பாகக் கடைசியில் எழுதாத ஏடு ஒன்று கட்டுவார்கள், மகாராஜா. பூச்சி அதையும் துளைத்து முடித்தது. அதற்கப்புறம்தான் ஒருவர் எழுத்தாணி எடுத்திருக்கிறார். ஓலை பழசு, எழுத்து புதுசு. ஏடு பெயர்த்து எழுதுகிறவர்களுக்குக் கை தவறும், ஒரு எழுத்து விழும், ஒரு வரி போகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இது கை தவறியதா?"

பண்டிதருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் விடவில்லை. "மகாராஜா! நூல் செய்த முனிவர் முக்காலமும் உணர்ந்தவர். பூச்சி எங்கே தின்னும் என்று முன்கூட்டியே அறிந்து, இடம் விட்டு எழுதியிருக்கிறார்!"

"அடேயப்பா! மற்ற ஏடுகளை எழுதும்போது மட்டும் முனிவர் தூங்கிவிட்டாராக்கும்?" என்றான் தாண்டவன்.

ராஜாவுக்கு வந்ததே சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. கண்ணைத் துடைத்தபடி கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

தாண்டவன் சிரிக்கவில்லை. மாலையைத் தொடவும் இல்லை.

"பண்டிதர் பொய் எழுதினார், சரி. ஓலை உங்கள் கைக்குத்தானே வந்தது? ஒருதரம் பிரித்துப் பார்த்தீர்களா? பழசு என்றதும் கும்பிட்டுவிட்டுப் பூட்டச் சொன்னீர்கள். அங்கே குழந்தைகள் சாக்கடைத் தண்ணீர் குடிக்கின்றன. எனக்கு மாலை வேண்டாம். பூட்டை நீங்களே வந்து உடையுங்கள்."

ராஜாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே செத்துப்போயிற்று. மெல்ல எழுந்தார். "பண்டிதரே, மழைக்காலம் வரும்வரை கீழைத் தெருவுக்கு வீடுவீடாகத் தண்ணீர் சுமப்பீர். முதலில் என்னோடு வாரும்."

ராஜா தன் கையாலேயே பூட்டை உடைத்தார். ஜனங்கள் வாழ்த்துவார்கள் என்று எதிர்பார்த்து, படித்துறையில் அப்படியே நின்றார்.

பூவாயி குடத்தோடு வேகமாக வந்தாள்.

"நகருங்க சாமி, புள்ளைக்குத் தண்ணி கொண்டுபோகணும்."

ராஜா நகர்ந்து நின்றார்.