கேள்வி கேட்காத மயிலாத்தாள்

மேகம் வாசல் வழியாக உள்ளே வந்து அடுக்களை வழியாக வெளியே போகும் மலையூர் ஒன்று இருந்தது. அங்கே யாருக்கு மனசு கனத்தாலும் மயிலாத்தாள் வீட்டுக்குத்தான் போவார்கள். மருந்து கிடையாது, மந்திரம் கிடையாது. வந்தவர் மடியில் ஒரு முறம் மொச்சைக்காயை வைப்பாள். தானும் ஒரு முறம் எடுத்துக்கொள்வாள். இருவரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்து உரிப்பார்கள். முகத்தைப் பார்த்தால் வாய் அடைத்துக்கொள்ளும், மேகத்தைப் பார்த்தால் தானாகத் திறந்துகொள்ளும் என்பது அவள் கண்டறிந்தது.

வருகிறவருக்கு ஒரே ஒரு வாக்குக் கொடுப்பாள்: "இங்கே சொன்னதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்." அதுபோக, அவளுக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். கேட்டால் பதில்தான் வரும், கேட்காமலிருந்தால் மனசே வரும் என்பாள். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை தேன் எடுக்கும் மாதையன் வந்தான். அவனுக்கும் அவன் மனைவி பூவாயிக்கும் பிறந்த பெண் குழந்தை நாற்பது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அரை முறம் உரித்த பிறகு வாய் திறந்தான்.

"அந்தி சாய்ந்தால் பூவாயி வெறும் தூளியை ஆட்டுகிறாள், அக்கா. நான் பக்கத்தில் உட்கார்ந்து தாலாட்டுப் பாடுகிறேன். பாடிப் பாடி நெஞ்சு வற்றிப்போச்சு. ஆனால் நான் நிறுத்தினால் அவள் உடைந்துபோவாள். இது அவள் காதுக்குப் போகக் கூடாது."

வெள்ளிக்கிழமை பூவாயி வந்தாள். புருஷன் வந்துபோனது அவளுக்குத் தெரியாது.

"அவர் தினமும் பாடுகிறார், அக்கா. அந்தப் பாட்டுக்காகத்தான் தூளியை ஆட்டுகிறேன். கயிற்றை எப்போது விடுவோம் என்றிருக்கிறது. ஆனால் தூளியை அவிழ்த்தால் அந்த மனுஷன் தாங்க மாட்டார். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்."

மயிலாத்தாளின் கையிலிருந்த மொச்சை நழுவித் தரையில் உருண்டது.

எட்டு மாதம் இப்படியே போனது. செவ்வாய் என்றால் அவன், வெள்ளி என்றால் அவள். மயிலாத்தாளுக்கு ஒரே கனவு வரும். இரண்டு மலைக்கு நடுவே மேகத்தில் ஒரு தூளி ஆடும். இந்த மலையிலிருந்து ஒருவர் இழுப்பார், அந்த மலையிலிருந்து ஒருவர் இழுப்பார். நடுவில் ஒன்றுமே இருக்காது. விழித்தால் இரண்டு பேர் சொன்னதும் நாக்கு நுனியில் நிற்கும். விழுங்கிவிடுவாள்.

ஒரு செவ்வாயன்று மாதையன் தோளில் மூட்டையோடு வந்தான்.

"கடற்கரைப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, அக்கா. இப்படியே கிளம்புகிறேன். திரும்பி வருவேனா தெரியாது. இனிமேல் பாடவும் முடியாது, பாடாமல் அவள் முகத்தைப் பார்க்கவும் முடியாது."

மயிலாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். தன் வழக்கத்தை விட்டு, முதல் தடவையாக ஒன்று கேட்டாள்: "நீ நிறுத்தினால் அவள் உடைந்துபோவாள் என்று உனக்கு யார் சொன்னது?"

மாதையன் எழுந்தான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான். அன்று அந்தியில் அவன் பாடவில்லை; ஏன் பாடவில்லை என்று சொன்னான். பூவாயி கயிற்றை விட்டாள். இத்தனை நாள் ஏன் பிடித்திருந்தாள் என்று அவளும் சொன்னாள். இருவருமே மயிலாத்தாளிடம் போய்வந்தது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

மறுநாள் காலை இருவரும் மயிலாத்தாள் வாசலில் நின்றார்கள். அழுது வீங்கிய கண்கள்.

"இரண்டு பேர் சொன்னதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எட்டு மாதம் மொச்சை உரித்தீர்களே!" என்று பொரிந்தாள் பூவாயி. "உங்கள் வீட்டுக் குழம்புக்கெல்லாம் உரித்துப்போட நாங்கள்தான் ஆள் போலிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?"

"சும்மா இரு புள்ளே," என்றான் மாதையன். "அக்கா சொல்லியிருந்தால் அதற்கப்புறம் நான் இந்த வாசலை மிதித்திருப்பேனா? நீதான் வந்திருப்பாயா?"

"வந்திருக்க மாட்டேன். அதற்காக? போன எட்டு மாதத்தை யார் கொடுப்பார்கள்?"

மயிலாத்தாள் தலை குனிந்தாள். "வாக்குக் கொடுத்துவிட்டேனே, அம்மா. வேறு என்ன வழி இருந்தது எனக்கு?"

இனி நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொல்லியிருக்க வேண்டும் என்ற பூவாயி சரியா, சொல்லாததே நல்லது என்ற மாதையன் சரியா, வேறு வழியே இல்லை என்ற மயிலாத்தாள் சரியா?

விடை: சொல்லாதது சரி, அந்த மட்டில் மாதையன் பக்கம் நியாயம். போன எட்டு மாதத்துக்காகப் பூவாயி கோபப்பட்டதும் நியாயம்தான். வேறு வழி இல்லை என்றதுதான் தப்பு. சொல்ல மாட்டேன் என்றுதான் மயிலாத்தாள் வாக்குக் கொடுத்தாள். கேட்க மாட்டேன் என்று யாருக்கும் கொடுக்கவில்லை. அது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம். கடைசியில் கேட்ட கேள்வியில் பூவாயியின் ரகசியம் ஒரு துளிகூட இல்லை. அதைப் பூவாயி வருவதற்கு முன்பே, முதல் செவ்வாயன்றே கேட்டிருக்கலாம். யோசித்துப் பார்த்து மயிலாத்தாளே இதை ஒப்புக்கொண்டாள். "என் பெருமையைக் காப்பாற்றப் போய் உங்களைக் காக்க வைத்துவிட்டேன்," என்றாள். பூவாயி உடனே மன்னித்துவிடவில்லை. புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வீட்டில் மூட்டையைப் பிரிக்கிற வேலை இருந்தது.